பலகை கழுவிய தண்ணீர்

கார்ப்பெட்டுக்கு என்று சேர்ந்த பணத்தில்
நுண்ணோக்கி வாங்கியவள் நான்தான்.
கானோ ஆஸ்பத்திரி ஒன்று கழித்துப் போட்டது;
ஆடியில் ஒரு கீறல்,
திருகை இடப்பக்கம் திருப்பினால்தான் சொன்னபடி கேட்கும்.
கமிட்டியில் ஏழு பேர் கையெழுத்திட்டார்கள்.
எட்டாமவர், ஓதிக்கொடுக்கும் மாலம் தனிமு,
பேனாவை மூடி வைத்துவிட்டு
"கண் இருக்கிறதே, போதாதா?" என்றார்.

ஹடேஜியாவில் அது ஹர்மத்தான் காற்றின் மாதம்.
சகாராவின் புழுதி
வானத்துக்கும் வகுப்புக்கும் ஒரே சாயம் பூசியிருந்தது.
விடிந்ததும் பிள்ளைகள் வேம்படியில் அமர்ந்து
நாணல் முனையால் மரப்பலகையில் எழுதி
முன்னும் பின்னும் அசைந்து ஓதுவார்கள்.
பத்து மணிக்கு அதே பிள்ளைகள்
தகரக் கூரைக்குக் கீழே என்னிடம் வருவார்கள்,
விரல்நுனியில் கரிமசியோடு.
பின்னக் கணக்கைக்கூட ராகமாகத்தான் சொல்வார்கள்.
நான் திருத்தியதில்லை.

மனப்பாடமான வசனத்தைக்
கிணற்றுத் தண்ணீரில் கழுவி
அந்தக் கறுத்த நீரைக் குடிப்பது அங்கே வழக்கம்.
எழுத்து வயிற்றில் இறங்கினால்
நெஞ்சை விட்டுப் போகாதாம்.
நானும் குடித்து வளர்ந்தவள்.

டெலு, பத்து வயது,
மருந்துப் புட்டி மூடியில் கொஞ்சம் கொண்டுவந்தாள்.
"டீச்சர், எழுத்து உள்ளே எப்படி இருக்கும்?"
ஒரு சொட்டு வைத்தேன்.
யோசித்திருக்க வேண்டும்.

பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.
"நீந்துகிறது" என்றாள்.

மறுநாள் டெலு குடிக்கவில்லை.
அதற்கு மறுநாள் பதினொரு பேர்.
வெள்ளிக்கிழமைக்குள் சந்தையில் என் பெயர்
இறைச்சி விலையோடு சேர்ந்து அடிபட்டது:
இறைவசனத்தில் புழு காட்டியவள்.
வசனத்தில் இல்லை, தண்ணீரில் என்று
எத்தனை வாசலில் போய்ச் சொல்வது?
சுபைருவின் அப்பா என் சலாமுக்குப் பதில் தராமல்
வெங்காயம் எண்ணிக்கொண்டிருந்தார்.

மக்ரிபுக்கு அரைமணி இருக்க
மாலம் தனிமு தனியாக வந்தார்.
செருப்பை வெளியே விட்டார்;
என் வகுப்புக்கு யாரும் அப்படி விடுவதில்லை.
"காட்டு."
கரண்ட் இல்லை. ஆடியைத் திருப்பித் திருப்பி
புழுதிக்குள்ளிருந்து கொஞ்சம் வெளிச்சம் பிடித்தேன்.
தொப்பி இடித்தது. கழற்றினார்.
அவர் வழுக்கையை நான் பார்த்தது அன்றுதான்.

ஒற்றைக் கண்ணை மூடத் தெரியவில்லை அவருக்கு,
கையால் பொத்திக்கொண்டார்.
உதடு அசைந்தது. ஓதினாரா, எண்ணினாரா, தெரியாது.
அப்புறம் கேட்டார்:
"என் தேநீரிலும் இது உண்டா?"
"கொதித்ததில் இல்லை, மாலம்."
"மசியில்?"
மசியையும் வைத்தேன்.
கரித்துகள், கருவேலம்பிசின்.
"இது அசையவில்லை" என்றார்,
வழக்கில் ஜெயித்தவர்போல.

திங்கட்கிழமை வேம்படியில்
மூன்று கல், ஒரு பானை.
கொதித்து ஆறிய பிறகுதான் பலகைக்கு.
ஏன் என்று கேட்டவர்களிடம்
"தண்ணீரும் முதலில் ஒளு செய்யட்டும்" என்றார்,
அவ்வளவுதான் விளக்கம்.

நாலு வீட்டார் பிள்ளைகளை
வேறு மதரஸாவுக்கு மாற்றினார்கள்.
சுபைருவின் பலகை இன்னும் சுவரில் சாய்ந்திருக்கிறது,
பாதி வரியோடு.
டெலு குடிக்கிறாள். ஆனால் ஒவ்வொரு முறையும்
கிண்ணத்தை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான்.
அந்தப் பார்வையைத் திருப்பி வாங்க
அவராலும் முடியாது, என்னாலும்.

நேற்று அடியில் ஒரு வாய் மிஞ்சியது.
கல்லூரிக்குப் போனபின் நான் தொட்டதில்லை.
யாரும் இல்லாதபோது குடித்தேன்.
புகை ருசி.
எந்த வசனம் என்று கேட்டு வைத்திருக்கலாம்.

கமிட்டி நோட்டில் இப்போது புது வரி:
விறகு, வாரம் மூன்று கட்டு.
அறிவியல் செலவா, ஓதல் செலவா?
இரண்டு கூட்டம் நடந்தும் முடியவில்லை.
மாலம் என் பக்கம் தள்ளுகிறார்,
நான் அவர் பக்கம்.
கார்ப்பெட் இன்னும் வாங்கவில்லை.